ஒன்பது பேர்தான் இருக்கிறோம்

க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பின்னால், ஆற்றுத்துறைக்குப் போகும் சந்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஊ எஸ்ராவைப் போல ஒரு பிடிவாதக்காரரை ஜெரால்ட் தன் ஐம்பது வருட ஆயுசில் பார்த்ததில்லை. ‘ஊ’ என்பது பர்மாக்காரர்கள் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. எஸ்ரா பர்மாக்காரர் அல்ல, யூதர். பாக்தாதிலிருந்து வியாபாரத்துக்கு வந்து ரங்கூனிலேயே தங்கிவிட்ட குடும்பம். அவருடைய அப்பாவின் துணிக்கடையில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் தமிழர்கள். அதனால் மனுஷர் தமிழில் பிளந்து கட்டுவார். ஜெரால்டின் சொந்தப் பிள்ளைகளோ, அப்பா தமிழில் திட்டினால் பர்மிய மொழியில் சிரிக்கிற ரகம்.

ஜெரால்டுக்குத் தொழில் இன்வர்ட்டரும் பேட்டரியும் பழுது பார்ப்பது. ரங்கூனுக்கு இப்போது யாங்கோன் என்று பெயர்; மின்சாரம் வருவதே விருந்தாளி வருவதுபோல ஆகிவிட்ட அந்த ஊரில் அவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. எஸ்ராவின் வீட்டு இன்வர்ட்டரைப் பார்க்கப் போனவன்தான், அப்படியே வெள்ளிக்கிழமை தோறும் போக ஆரம்பித்துவிட்டான். காரணம் இதுதான். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டால் யூதர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும், எஸ்ரா ஸ்விட்சைத் தொடமாட்டார். அடுத்தவரைத் தொடச் சொல்லவும் மாட்டார், சொன்னால் தானே தொட்டதற்குச் சமமாம். விளக்கு அணைந்துவிட்டால் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்து, “இருட்டு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, இல்லையா ஜெரால்டு?” என்பார்.

“சொல்லிட்டீங்களே, ஊலே,” என்று ஜெரால்ட் சீண்டுவான். ஊலே என்றால் பர்மிய மொழியில் மாமா.

“நான் என்னப்பா சொன்னேன்? இருட்டப் பத்திப் பேசினேன். பேசக் கூடாதா?”

ஜெரால்ட் சிரித்துக்கொண்டே எழுந்து போய், ‘எனக்கே இருட்டாத்தான் இருக்கு’ என்று சொல்லி விளக்கைப் போடுவான். மாதாகோவிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவன் யூதர் வீட்டில் என்ன செய்கிறான் என்று கேட்டவர்கள் உண்டு. அந்த வீட்டில் பேச்சு ருசியாக இருந்தது, அவ்வளவுதான்.

எஸ்ராவின் பேச்சில் அடிக்கடி வருகிறவன் ஒரு குடித்தனக்காரன். மனிதனுக்குள் இருக்கும் கெட்ட புத்திக்கு அவர் வைத்த பெயர் அது.

“மனுஷன் பொறக்கும்போதே அவனும் கூடவே பொறந்துடறான். நல்ல புத்தி பதிமூணு வயசுலதான் வந்து சேருது. எங்க பெரியவங்க கணக்கு அப்படி. மொத வந்தவன் என்ன நெனைப்பான்? வீடே தன்னுதுன்னு நெனைப்பான்.”

“காலி பண்ணச் சொல்ல வேண்டியதுதானே?”

“அது நடக்காது. அவன் இல்லேன்னா எவனும் கல்யாணம் பண்ண மாட்டான், வீடு கட்ட மாட்டான், கடை தொறக்க மாட்டான். அவன் இருக்கட்டும். சாவி மட்டும் நம்ம கையில இருக்கணும்.”

தன் குடித்தனக்காரன் செய்த ஒரு வேலையையும் அவர் ஒரு மழைநாளில் சொன்னார். வேறு யாரிடமும் சொன்னதில்லையாம்.

யூதர்களுக்கு இறந்தவர் பெயரில் சொல்கிற ஜெபம் ஒன்று உண்டு. காதிஷ் என்று பெயர். அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது, முழுக்க முழுக்கக் கடவுளுக்குப் புகழ்தான். வயிறு எரிந்துகொண்டிருக்கிற நேரத்தில் எழுந்து நின்று புகழவேண்டும். ஆனால் தனியாகச் சொல்ல முடியாது. வயது வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்கவேண்டும். ஒன்பது பேராகக் கூடி எத்தனை உருகினாலும் அது காதிஷ் ஆகாது.

எஸ்ராவின் அப்பா இறந்தபோது ரங்கூன் யூதர்கள் பெரும்பாலோர் கப்பலேறிப் போய்விட்டிருந்தார்கள். இதே வீட்டில், இதே கூடத்தில் ஒன்பது பேர்தான் கூடினார்கள். அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். எஸ்ரா துறைமுகத்துக்கு ஓடிப்போய் ஒரு மாலுமியைக் கூட்டி வந்தார். அவன் அர்மீனியன், கிறிஸ்தவன். அது எஸ்ராவுக்கு நன்றாகத் தெரியும். தலையில் ஒரு தொப்பியை வைத்து, ‘நம்ம ஆள்தான்’ என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். காதிஷும் சொன்னார்.

“அம்மா வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சி முத்தம் குடுத்தா. பொய் சொன்னது வாய், முத்தம் கைக்கு. அன்னிலேர்ந்து அது எறங்கவே இல்ல ஜெரால்டு, தொண்டையிலயே நிக்குது.”

“அதான் வருத்தப்படறீங்களே. அது போதாதா?”

“வருத்தம் யார் வேணாலும் படலாம். திருந்தினோமான்னு எப்பத் தெரியும்? அதே எடத்துல அதே ஆசை திரும்ப வரணும். செய்யறதுக்கு வசதியும் இருக்கணும், கேக்க ஆளும் இருக்கக்கூடாது. அப்பவும் செய்யாம நின்னாத்தான் திருந்தினது. எனக்கு அந்தப் பரீட்சை வரவே இல்ல. இனிமே எங்க வரப்போவுது? ரங்கூன்ல பத்து பேருக்கு நான் எங்க போவேன்?”

நியாயமான கேள்விதான். இப்போது யாங்கோனில் மிஞ்சியிருக்கும் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எஸ்ராவின் மனைவி ரஹ்மா இறந்தபோதும் பத்துப் பேர் சேரவில்லை. குழந்தை குட்டி இல்லாத வீடு. ஜெரால்டின் மனைவி ஆன்மேரியின் இரண்டு பிரசவத்திலும் ஆஸ்பத்திரி பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்தது அந்த அம்மாதான். அடக்கத்தின்போது எஸ்ரா காதிஷ் சொல்லாமல் குழிமேட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றதை ஆன்மேரியால் மறக்கவே முடியவில்லை. ‘ஒரு ஜெபத்துக்குக்கூட வழியில்லாமப் போயிட்டாங்களே’ என்று எத்தனையோ நாள் சமையலறையில் நின்று அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு வந்த நினைவு நாட்களும் அப்படியேதான் கழிந்தன.

கடைசியில் ஒரு வருஷம் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சிங்கப்பூரிலிருந்து யூதர்கள் ஒன்பது பேர், தங்கள் முன்னோர் கல்லறைகளைப் பார்க்க யாங்கோன் வருவதாகச் செய்தி வந்தது. ரஹ்மாவின் நினைவு நாளன்று ஊரில் இருப்பார்களாம். அவர்களில் பெரியவரான மெனாஷே, போனில் எஸ்ராவின் வேண்டுகோளைக் கேட்டதுமே, “உங்கள் வீட்டுக்கே வருகிறோம்,” என்று சொல்லிவிட்டார்.

ஊரில் மிஞ்சிய மற்ற யூதர்கள் அப்போது வெளிநாடு போயிருந்தார்கள், ஆனாலும் ஒன்பதோடு எஸ்ராவைச் சேர்த்தால் பத்து. கிழவர் சின்னப்பிள்ளை ஆகிவிட்டார். கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். பர்மாக்காரர்கள் கட்டும் கைலியான லோன்ஜி புதிதாக ஒன்று வாங்கினார், பிறகு வெள்ளைக் கால்சட்டைதான் சரி என்று அதைத் தேடி எடுத்தார். மனப்பாடமாகத் தெரிந்த காதிஷைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தார். ஆன்மேரி பழம் நறுக்கித் தட்டுகளில் அடுக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று மாலை மின்சாரம் போனால் பார்த்துக்கொள்ள ஜெரால்ட் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருப்பதாக ஏற்பாடு.

“தலையில இத வச்சிக்கோ,” என்று எஸ்ராவே ஒரு சின்ன வட்டத் தொப்பியை அவன் தலையில் வைத்தார். “ஜெபம் நடக்கிற எடத்துல தலை மூடியிருக்கணும். உங்க பொம்பளைங்க கோவில்ல முக்காடு போடற மாதிரி.”

பொழுது இறங்கும் நேரத்துக்கு டாக்சிகள் வந்தன. மாடி ஏறி வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. மெனாஷே பருத்த மனிதர், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர். வந்ததும் வராததுமாய் எஸ்ராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: “எங்களில் ஒருவர் நேற்றுத் தெருக்கடையில் ஏதோ பழக்கலவை சாப்பிட்டுவிட்டு ஹோட்டலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். எட்டுப் பேர்தான் வந்தோம். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. நல்லவேளை, உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறாரே!”

அவர் பார்வை ஜெரால்டின் மேல் இருந்தது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. யூதர்களில் இந்தியாவிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் உண்டு. அவர்கள் பார்ப்பதற்கு ஜெரால்ட் மாதிரியேதான் இருப்பார்கள். போதாததற்குத் தலையில் தொப்பி, வீட்டு மனுஷனைப்போல ஜன்னலோரம் நிற்கிற தோரணை. மெனாஷே ஆட்களை எண்ண ஆரம்பித்தார். யூதர்கள் மனிதரை ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார்கள், ஆகாது. பத்துச் சொல் உள்ள வேதவசனம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். வசனம் முடிந்தால் ஆள் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மெனாஷே ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து ஒவ்வொரு சொல்லாக உதிர்த்துக்கொண்டே வந்து, கடைசிச் சொல்லை ஜெரால்டின் தோளில் தட்டி முடித்தார்.

“சேர்ந்துவிட்டோம்! ஆரம்பிக்கலாம்.”

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றான் ஜெரால்ட். வாயைத் திறந்து ‘நான் கிறிஸ்தவன்’ என்று சொன்னால் போதும். அவன் எஸ்ராவைப் பார்த்தான். எஸ்ரா அவனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், காது நுனி மட்டும் சிவந்திருந்தது.

ஜெபம் தொடங்கிவிட்டது. எல்லாரும் ஒரே திசை பார்த்து நின்று முணுமுணுத்தார்கள். அந்தக் கூடத்தில் நடந்துகொண்டிருப்பது என்ன என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதே கூடம். ஆள் சரியாக அதே இடத்தில் குறைகிறது. அதேபோல ஒரு தொப்பி, ஒரு கிறிஸ்தவன். இந்தத் தடவை எஸ்ரா பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். கேட்க நாதியில்லை. வந்தவர்கள் விமானம் ஏறிப் போய்விடுவார்கள்.

‘சொல்லிடுங்க ஊலே,’ என்று ஜெரால்டின் மனம் கெஞ்சியது. ‘ஒரே ஒரு தடவை. அந்த அம்மாவுக்காக. யாருக்கு என்ன நஷ்டம்?’ ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரஹ்மாவை நினைத்தான். வீட்டில் காத்திருக்கும் ஆன்மேரியை நினைத்தான். அதோடு இன்னொன்றும் அவனுக்குள் இருந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். அந்தக் கடைசிச் சொல் தன் தோளில் விழுந்தபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் வந்துபோகிற வீட்டில் ஒரு நாளாவது தானும் ஒரு ஆளாகக் கணக்கில் வந்தது அவனுக்குப் பிடித்திருந்தது.

மெனாஷே திரும்பி, எஸ்ராவுக்குத் தலையசைத்தார். காதிஷ் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது.

எஸ்ரா இரண்டடி முன்னால் வந்தார். கால் சேர்த்து நின்றார். மற்றவர்கள் முணுமுணுப்பை நிறுத்தினார்கள். கிழவர் மூச்சை இழுத்தார். அவர் உதடு அந்த முதல் சொல்லுக்காகக் குவிந்ததை ஜெரால்ட் பார்த்தான். சத்தம் வரவில்லை. கீழே சந்தையில் மீன்காரி யாரையோ கூப்பிட்டாள். எஸ்ரா கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி உதடு குவிந்தது. ‘இதோ சொல்லப்போகிறார்’ என்று ஜெரால்ட் நினைத்தான்.

எஸ்ரா புத்தகத்தை மூடிவிட்டார்.

“ஒன்பது பேர்தான் இருக்கிறோம்,” என்றார் ஆங்கிலத்தில். குரல் எல்லாருக்கும் கேட்டது. “ஜன்னலோரம் நிற்பவர் என் நண்பர். நல்ல கிறிஸ்தவர். தொப்பியை நான்தான் வைத்தேன். நீங்கள் எண்ணியபோதே சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. மன்னிக்கவேண்டும்.”

மெனாஷேயின் முகத்தில் சிரிப்பு காணாமல் போயிருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் மெல்ல, “நாங்கள் தெரியாமல் எண்ணினோம். நல்ல மனதோடுதான் நின்றோம். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, சொல்லிவிடுங்களேன்,” என்றார். பாவம், அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

“நீங்கள் தெரியாமல் எண்ணினீர்கள்,” என்றார் எஸ்ரா. “நான் தெரிந்து அல்லவா சொல்லவேண்டியிருக்கும்?”

ஹோட்டலில் படுத்திருந்தவருக்குப் போன் செய்து பார்த்தார்கள். அவர் எழுந்து நிற்கவே முடியாத நிலையில் இருந்தார். பொழுது சாய்ந்ததால் யூதர் கணக்கில் நினைவு நாளும் முடிந்துவிட்டது. அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. தனியாளாகச் சொல்லக்கூடிய சங்கீதங்கள் சிலவற்றை எஸ்ரா மனைவிக்காகச் சொன்னார், மற்றவர்கள் கூடச் சொன்னார்கள். போகும்போது மெனாஷே கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் பெயரையும் அவள் தகப்பனார் பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் இறங்கிப் போனபிறகு ஜெரால்ட் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அவனுக்கு மனசு ஆறவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததே என்ற ஆற்றாமை ஒருபக்கம். எல்லார் முன்னாலும் ‘இவன் கணக்கில் இல்லை’ என்று சொல்லப்பட்டது முள்ளாகக் குத்தியது இன்னொரு பக்கம்.

“ஒருத்தருக்கு வயித்து வலி வந்ததும், நான் அங்க நின்னதும் கடவுள் செயலா இருக்கக்கூடாதா ஊலே? அவரே குடுத்தத நீங்க வேணாம்னுட்டீங்க.”

எஸ்ரா நாற்காலியில் விழுந்து கிடந்தார். சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. “வயித்து வலி அவர் செயல்தான். நான் இந்த வீட்ல பொறந்தது, கெழவனானது, ரஹ்மா போனது எல்லாம் அவர் செயல். நான் வாயத் தொறக்கிறேனா மூடறேனாங்கறத மட்டும் அவர் தன் கையில வச்சுக்கல. அது ஒண்ணத்தான் நமக்குன்னு விட்டிருக்கார். அதையும் அவர் தலையில கட்டினா, அப்புறம் நான் எதுக்கு?”

பிறகு மெதுவாகச் சொன்னார். “அந்தக் குடித்தனக்காரன் இன்னிக்கு கெட்டவன் மாதிரி வரல தம்பி. ரஹ்மா கொரல்ல வந்தான். ‘எனக்காக ஒரு தடவ சொல்ல மாட்டீங்களா’ன்னு கேட்டான். அவ உசிரோட இருந்தப்ப அவ கேட்டு நான் எதையும் இல்லேன்னதே இல்ல.”

அதைக் கேட்டதும் ஜெரால்டின் முள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மலையைப் புரட்டிவிட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல அந்த நனைந்த சட்டையைப் பார்த்தான். மாதாகோவில் ஜன்னல் கண்ணாடியில் ஈட்டியோடு நிற்கிற புனிதர்கள் அவன் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் யாருக்கும் சட்டை இப்படி நனைந்து அவன் பார்த்ததில்லை.

“நீ வாயத் தொறக்காம இருந்தியே, அதுக்கு நன்றி,” என்றார் எஸ்ரா. “நீ முந்திக்கிட்டு சொல்லியிருந்தா நான் ஜெயிச்சேனா தோத்தேனான்னு சாகறவரைக்கும் தெரிஞ்சிருக்காது.”

“நான் அதுக்காகச் சும்மா இருக்கல ஊலே. நீங்க சொல்லிடணும்னு ஆசப்பட்டுச் சும்மா இருந்தேன்.”

கிழவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “அப்போ உன் குடித்தனக்காரன்தான் எனக்கு ஒத்தாசை பண்ணியிருக்கான்! அவனுக்கு நான் சொன்னேன்னு சொல்லு.” சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். ஜெரால்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், தேற்றவில்லை.

வீட்டுக்குப் போனதும் ஆன்மேரி வாசலிலேயே கேட்டாள். “சொல்லிட்டாங்களா?”

‘சொல்லிட்டார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. “இல்ல,” என்றான் ஜெரால்ட். எல்லாவற்றையும் சொன்னான். அவள், “எல்லாம் தலையெழுத்து,” என்று ஆரம்பித்தாள். அப்புறம் அதை முடிக்காமல், “பாவம், எவ்வளவு தவிச்சிருப்பாரு,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஒரு மாலை மெனாஷேயிடமிருந்து போன் வந்தது. தங்கள் ஊர் ஆலயத்தில் மாலை ஜெபத்துக்கு ஆட்கள் கூடியிருப்பதாகவும், ரஹ்மாவுக்காகத் தாமே காதிஷ் சொல்லப்போவதாகவும், வீடியோவில் பார்க்கலாம் என்றும் சொன்னார். அன்றைக்கென்று க்யிம்யிண்டைங்கில் மின்சாரம் இல்லை. ஜெரால்ட் கடையிலிருந்து பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். பின்னாலேயே ஆன்மேரியும் வந்தாள். போனுக்கு உயிர் கொடுத்து, ரஹ்மாவின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

படம் நின்று நின்று வந்தது. பெரிய கூடம், நிறைய ஆண்கள், யாரும் எண்ணத் தேவையில்லாத கூட்டம். மெனாஷே போனுக்கு அருகே வந்து, ‘ரஹ்மா, சாலேயின் மகள்’ என்று பெயரைத் தெளிவாகச் சொன்னார். பிறகு முன்னால் போய்க் கால் சேர்த்து நின்று காதிஷைத் தொடங்கினார். எஸ்ராவும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அதேபோலக் கால் சேர்த்து நின்றார். அவர் உதடு அசையவே இல்லை. கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் வரி முடிந்து அங்கே ஒரு நிறுத்தம் வந்தது. அந்தக் கூட்டம் முழுதும் ஒரே குரலாக, “ஆமென்,” என்றது. எஸ்ராவும், “ஆமென்,” என்றார். ஜெரால்ட் ஜன்னலோரம் வாயை மூடிக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவனுக்கு இடம் எது என்று தெரிந்திருந்தது.

எஸ்ரா திரும்பி அவனையும் ஆன்மேரியையும் பார்த்தார்.

“ஏன் சும்மா நிக்கிறீங்க? பத்து பேரு காதிஷ் சொல்றதுக்குத்தான். ஆமென்னுக்குக் கணக்கு கெடையாது. வாங்க, இப்படி வந்து நில்லுங்க.”

அடுத்த நிறுத்தம் வந்தபோது மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள்.